பேச்சுப்பொறி இல்லாத பாதுகாப்பு

கூகுளின் கண்காணிப்பு வேண்டாம், ஆனால் ஆண்ட்ராய்டு ஃபோன் வேண்டும் என்பவர்களுக்கு இன்று சில வழிகள் இருக்கின்றன. டேனியல் மிக்காய் 2014இல் தொடங்கிய முயற்சியிலிருந்து வளர்ந்த கிராஃபீன்ஓஎஸ் அவற்றுள் ஒன்று. மாண்ட்ரேக் லினக்ஸை உருவாக்கிய கேல் டுவால் தொடங்கிய ஈ-ஓஎஸ் இன்னொன்று. காலிக்ஸ் நிறுவனத்தின் காலிக்ஸ்ஓஎஸ் மற்றொன்று; ஆனால் அது 2025 ஆகஸ்டில் தன் வெளியீடுகளை நிறுத்திவைத்தது. மூன்றுமே கூகுள் வெளியிடும் ஆண்ட்ராய்டின் திறமூலத்திலிருந்து கிளைத்தவை. மூன்றும் தருகிற வாக்குறுதியும் ஏறக்குறைய ஒன்றுதான்: உங்கள் ஃபோனில் என்ன நடக்கிறது என்பதை நீங்களே தீர்மானிப்பீர்கள்.

இவற்றைப் பற்றிப் பேச்சு எடுத்ததும் முதலில் எழும் கேள்வி, “என் வங்கிச் செயலி இதில் ஓடுமா?” என்பதுதான். நியாயமான கேள்வி. ஆனால் பெரும்பாலான மதிப்பீடுகள் அதோடு நின்றுவிடுகின்றன. பார்வையற்ற ஒருவர் இந்த ஃபோனை யாருடைய துணையும் இல்லாமல், தன் மொழியில், முதல் நிமிடத்திலிருந்தே பயன்படுத்த முடியுமா என்ற கேள்வி கடைசிப் பத்தியில் ஒரு வரியாக வந்தால் உண்டு. என் கணிப்பில் இந்த இரண்டாவது கேள்விதான் கடினமான தேர்வு. தனியுரிமை என்ற சொல்லை ஓர் இயங்குதளம் எவ்வளவு தூரம் உண்மையாக எடுத்துக்கொள்கிறது என்பது அதில்தான் தெரியும்.

இரண்டு குறைகளையும் ஒரே மூட்டையில் கட்டி, “கூகுளை விட்டால் சில வசதிகள் போகும்” என்று சொல்லிவிடுவது வழக்கமாகிவிட்டது. அது தவறு. செயலி ஓடாததற்குக் காரணம் வேறு, ஃபோன் பேசாததற்குக் காரணம் வேறு. பொறுப்பேற்க வேண்டியவர்களும் வேறு வேறு.

செயலிகள் ஓடுகின்றனவா?

சாதாரண ஆண்ட்ராய்டு ஃபோனில் ‘கூகுள் பிளே சர்வீசஸ்’ என்ற மென்பொருள் பின்னணியில் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. புதிய செய்தி வந்ததும் மணியடிக்க வைப்பது, இருப்பிடத்தைக் கண்டறிவது, வரைபடம் காட்டுவது, கணக்கில் நுழைவது எனப் பல வேலைகளுக்குச் செயலிகள் அதையே நம்பியிருக்கின்றன. மற்றச் செயலிகளுக்குக் கிடைக்காத தனிச் சலுகைகளும் அதற்கு உண்டு. கூகுளை விலக்குவதாகச் சொல்லும் எந்த இயங்குதளமும் முதலில் விடை சொல்ல வேண்டியது, இந்த இடத்தை எதைக்கொண்டு நிரப்புவது என்பதற்குத்தான்.

ஈ-ஓஎஸ், காலிக்ஸ்ஓஎஸ் இரண்டும் மைக்ரோஜி என்ற மாற்று மென்பொருளைத் தேர்ந்துகொண்டன. பிளே சர்வீசஸ் செய்யும் வேலைகளில் முக்கியமானவற்றைத் திறமூலத்தில் மீண்டும் எழுதியது இது. செயலிகள் பிளே சர்வீசஸின் கையொப்பத்தைச் சரிபார்ப்பதால், தன்னை அதுவாகவே காட்டிக்கொள்ளும் சலுகையை இயங்குதளம் மைக்ரோஜிக்குத் தர வேண்டியிருக்கிறது. மீண்டும் எழுதப்படாத பகுதி ஒன்றைச் செயலி கேட்டால் அங்கே இடறுகிறது. கூகுள் புதிதாக எதையாவது சேர்க்கும்போதெல்லாம் மைக்ரோஜி பின்னாலேயே ஓட வேண்டும்.

கிராஃபீன்ஓஎஸ் 2021இல் வேறு பாதையை எடுத்தது. கூகுளின் அசல் பிளே சர்வீசஸையே நிறுவிக்கொள்ளலாம். ஆனால் அது மற்றச் செயலிகளைப் போன்ற ஒரு சாதாரணச் செயலியாக மட்டுமே இருக்கும். தனிச் சலுகை எதுவும் கிடையாது. தொடர்புப் பட்டியல் வேண்டுமென்றாலும் இருப்பிடம் வேண்டுமென்றாலும் பயனரிடம் அனுமதி கேட்க வேண்டும். வேண்டாம் என்றால் நீக்கிவிடலாம், அல்லது தனிப் பயனர் பகுதி ஒன்றில் அடைத்துவைக்கலாம்.

கொள்கைத் தூய்மையை மட்டும் பார்த்தால் மைக்ரோஜி மேலானது என்று தோன்றும்; கூகுளின் நிரல் அங்கே குறைவு. விளைவைப் பார்த்தால் கிராஃபீனின் வழியே வலுவானது. அசல் மென்பொருளே ஓடுவதால் மிகப் பெரும்பாலான செயலிகள் இடறாமல் ஓடுகின்றன. அதே சமயம் கூகுளின் அதிகாரம் உண்மையாகவே பறிக்கப்படுகிறது. ‘தொடர்பு வரம்பு’ வசதி இதற்கு நல்ல சான்று. ஒரு செயலி தொடர்புப் பட்டியல் முழுவதையும் கேட்டு, தராவிட்டால் நகர மாட்டேன் என்று அடம்பிடிக்கிறது. கிராஃபீன்ஓஎஸ் அதனிடம் “தந்தாயிற்று” என்று சொல்லிவிட்டு, பயனர் தேர்ந்தெடுத்த இரண்டு பெயர்களை மட்டும், அல்லது வெறும் பட்டியலைக் காட்டுகிறது. செயலி ஓடுகிறது, பட்டியல் வெளியே போகவில்லை. பொருந்தி ஓடுவதும் தனியுரிமையும் ஒன்றையொன்று தின்ன வேண்டியதில்லை என்பதை நடைமுறையில் மெய்ப்பித்த பொறியியல் இது. இந்தப் பகுதியில் தயக்கமின்றி முழு மதிப்பெண் தரலாம்.

‘இல்லை’ என்று சொல்வது யார்?

மீதமிருக்கும் சிக்கல் வங்கிச் செயலிகளில் சிலவும், ஃபோனைத் தட்டிப் பணம் செலுத்தும் கூகுள் வசதியும். இவை ஓடாமல் போவது பெரும்பாலும் தொழில்நுட்பக் கோளாறால் அல்ல, அனுமதி மறுக்கப்படுவதால். ‘பிளே இன்டெக்ரிட்டி’ என்ற சேவை மூலம் ஒரு செயலி கூகுளிடம், “இந்தக் கருவியை நம்பலாமா?” என்று கேட்கிறது. பதில் மூன்று படிகளில் வருகிறது: அடிப்படை, கருவி நிலை, வலுவான நிலை. கூகுள் சான்றளித்த ஆண்ட்ராய்டாக இருந்தால்தான் இரண்டாவது படியை எட்ட முடியும். கிராஃபீன்ஓஎஸ் முதல் படியோடு நிற்கிறது.

இந்தத் தேர்வு அளப்பது பாதுகாப்பையா என்று கேட்டுப் பார்க்க வேண்டும். கிராஃபீன்ஓஎஸ் நிறுவியதும், ஃபோனில் இயங்குதளத்தை எழுப்பும் நிரலான பூட்லோடர் மீண்டும் பூட்டப்படுகிறது. இயங்குதளத்தை யாராவது திருத்தியிருந்தால் ஃபோன் எழும்போதே பிடிபடும். இயங்குதளத்தின் மேல் முழு அதிகாரம் தரும் ரூட் அணுகலும் கிடையாது. கிராஃபீன்ஓஎஸ் ஓடும் கூகுளின் பிக்சல் வரிசையில், பிக்சல் 8 முதலான ஃபோன்களில் நினைவகப் பிழைகளைச் சிப் மட்டத்திலேயே பிடிக்கும் வசதியை இயங்குதளம் முழுவதற்கும் இயல்பாகவே இயக்கிவைக்கிறது. 2024இல் ஆண்ட்ராய்டின் புளூடூத் நிரலில் இருந்த ஒரு நினைவகப் பிழை அப்படித்தான் வெளிவந்தது. மறுபக்கம், பாதுகாப்புத் திருத்தம் ஓராண்டுக்குள் வந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையை மூன்றாவது படிக்கு மட்டுமே கூகுள் 2025இல் கொண்டுவந்தது. இரண்டாவது படிக்கு அந்த நிபந்தனை இல்லை. ஆண்டுக்கணக்கில் திருத்தம் காணாத சான்றளிக்கப்பட்ட ஃபோன் தேறும். நேற்றே திருத்தப்பட்ட கிராஃபீன் ஃபோன் தேறாது. பாதுகாப்பை அளக்கும் கருவி இப்படித் தீர்ப்புச் சொல்லாது. கூகுளோடு உரிம ஒப்பந்தம் இருக்கிறதா என்பதைத்தான் அந்த இரண்டாவது படி உண்மையில் அளக்கிறது.

வங்கிகளின் தரப்பையும் கேட்க வேண்டும். ஓடிபியைப் பறித்துப் பணம் திருடும் கும்பல்கள் இருக்கின்றன. இழப்பு வந்தால் வாடிக்கையாளர் வங்கி வாசலில்தான் நிற்பார். ரிசர்வ் வங்கி 2021 பிப்ரவரியில் வெளியிட்ட டிஜிட்டல் பணப் பரிமாற்றப் பாதுகாப்பு வழிகாட்டுதலும் எச்சரிக்கையையே வலியுறுத்துகிறது. ஆனால் ரூட் செய்யப்பட்ட ஃபோனா என்று சோதித்துத் தடுக்கும் வழியை ஆராயலாம் என்பதுதான் அதில் உள்ளது. பூட்டப்பட்ட, ரூட் செய்யப்படாத, சரிபார்க்கப்பட்ட இயங்குதளத்தை விலக்கச் சொல்லி அது கேட்கவில்லை. ஆண்ட்ராய்டிலேயே வன்பொருள் வழிச் சான்று காட்டும் வசதி இருக்கிறது; கிராஃபீனின் கையொப்பச் சாவிகள் வெளிப்படையாகக் கிடைக்கின்றன. வங்கி தன் செயலியில் அவற்றைச் சேர்த்தால் போதும், கூகுளிடம் கேட்காமலே நேரடியாகச் சரிபார்க்கலாம். எனவே இந்தக் குறையின் பொறுப்பு கூகுளுக்கும், யோசிக்காமல் கூகுளின் பதிலையே தன் பதிலாக்கிக்கொள்ளும் செயலி நிறுவனங்களுக்கும்தான். இயங்குதளத்தின் கணக்கில் இதைக் கழிப்பது அநியாயம்.

பேசாத ஃபோன்

இனி இரண்டாவது கேள்வி. இங்கே கூகுளின் மேல் பழிபோட முடியாது.

பார்வையற்ற ஒருவர் பிக்சல் ஃபோனில் கிராஃபீன்ஓஎஸ் நிறுவ முனைகிறார் என்று வைத்துக்கொள்வோம். கணினியின் உலாவி வழியாகவே நிறுவலாம். அந்தப் பக்கத்தைக் கணினியின் திரைவாசிப்பான் படித்துவிடும். ஆனால் பூட்லோடரைத் திறக்கவும் பூட்டவும் ஃபோனின் திரையில்தான் உறுதிசெய்ய வேண்டும்: ஒலிப் பொத்தானால் தேர்வை நகர்த்தி, பவர் பொத்தானை அழுத்த வேண்டும். அந்தத் திரைக்குக் குரல் கிடையாது. எத்தனை முறை அழுத்த வேண்டும் என்பதை மனப்பாடம் செய்துகொண்டு நம்பிக்கையில் அழுத்த வேண்டியதுதான். இந்தத் திரை கூகுள் செய்தது என்பதால் இதை விட்டுவிடலாம்.

ஃபோன் முதன்முறையாக எழுகிறது. டாக்பேக் என்ற திறமூலத் திரைவாசிப்பானின் தன் சொந்த வடிவத்தைக் கிராஃபீன்ஓஎஸ் உடன் தருகிறது, அது பாராட்டத்தக்கது. இரண்டு ஒலிப் பொத்தான்களையும் சேர்த்து அழுத்திப் பிடித்தால் டாக்பேக் எழும். ஆனால் திரைவாசிப்பான் செய்வது பாதி வேலைதான். திரையில் எது எங்கே இருக்கிறது என்று அது அறிகிறது. அந்த எழுத்துகளை ஒலியாக மாற்றப் பேச்சுப்பொறி என்ற தனி மென்பொருள் வேண்டும். அதைக் கிராஃபீன்ஓஎஸ் பல ஆண்டுகளாகத் தன் அடிப்படை அமைப்பில் சேர்க்காமலே வந்திருக்கிறது. ஏற்ற ஒன்று கிடைக்கும்போது சேர்ப்போம் என்பதே அதன் நிலைப்பாடாக இருந்தது. விளைவு: திரைவாசிப்பான் விழித்துக்கொள்கிறது, தொடங்கியதற்கான ஓசை மட்டும் கேட்கிறது, அதன்பின் மௌனம். பேச்சுப்பொறியை நிறுவினால் பேசும். அதை நிறுவத் திரையைப் பார்க்க வேண்டும். பார்க்க முடியாதவருக்காகச் செய்த வசதியைத் தொடங்கிவைக்கப் பார்க்க முடிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தாக வேண்டும். அந்த ஒருவர் கடவுச்சொல் வைப்பதையும் கணக்குத் தொடங்குவதையும் பார்த்துக்கொண்டிருப்பார். தனியுரிமைக்கென்றே செய்த ஃபோனில் முதல் தனியுரிமை இழப்பு இங்கேயே நடந்துவிடுகிறது.

நிறுவிய பிறகும் சிக்கல் முடிவதில்லை. ஃபோனை அணைத்து எழுப்பினால், கடவுச்சொல் கொடுக்கும்வரை சேமித்த தரவுகள் பூட்டப்பட்டிருக்கும். அந்த நிலையில் டாக்பேக் ஓடும். ஆனால் பேச்சுப்பொறியும் அந்தப் பூட்டிய நிலையில் ஓடும்படி எழுதப்பட்டிருந்தால்தான் குரல் வரும். இல்லையென்றால் தன் ஃபோனுக்குள் நுழையும் ஒவ்வொரு முதல் முறையும் மௌனத்தில்தான்.

இதை வசதிக் குறைவு என்று சொல்லிக் கடந்துவிட முடியாது என்பதற்கு அடிப்படையான காரணம் ஒன்று உண்டு. பார்க்க முடிந்தவருக்குப் பேச்சுப்பொறி பல செயலிகளில் ஒன்று. பார்வையற்றவருக்கு அதுவே திரை. வங்கி இருப்பு, மருத்துவரின் குறிப்பு, மகளின் கடிதம், ஓடிபி எல்லாமே அதன் வழியாகத்தான் வருகின்றன. ஃபோனில் உள்ள எந்தச் செயலியைவிடவும் அந்த மனிதரை நெருக்கமாக அறிந்தது அது. அந்த இடத்தைக் காலியாக விட்டு, “உங்களுக்குப் பிடித்ததை நிறுவிக்கொள்ளுங்கள்” என்று ஒரு தனியுரிமை இயங்குதளம் சொன்னால், அந்தப் பயனரின் திரையையே வெளியாரிடம் ஒப்படைக்கச் சொல்கிறது என்று பொருள்.

தமிழ்ப் பயனருக்குத் தேர்வு இன்னும் சுருங்குகிறது. திறமூலப் பேச்சுப்பொறிகளில் தமிழுக்குக் கைகொடுப்பது ஈஸ்பீக் என்ஜி. சிறியது, வேகமானது, இணையம் தேவையில்லை. பழைய ஃபோனிலும் ஓடும். ஆனால் அதன் குரல் எந்திரக் குரல். தமிழில் ஒரே ‘ப’ ‘பாட்டு’, ‘பஸ்’ என்ற சொற்களில் வெவ்வேறு விதமாக ஒலிக்கிறது. சொல்லை அறிந்தால் ஒழிய விதியால் மட்டும் அதைச் சரியாக ஒலிக்க முடியாது. நடுவில் ஆங்கிலம் கலந்த குறுஞ்செய்தி வந்தால் தடுமாற்றம் கூடுகிறது. காதுக்கு இதமான, தெளிவான தமிழ் வேண்டுமென்றால் பெரும்பாலோர் போய்ச் சேர்வது கூகுளின் பேச்சுச் செயலியில்தான். கூகுளை விட்டு விலகியவர் தன் திரை முழுவதையும் கூகுளுக்கு வாசிக்கக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

இதே இயங்குதளம் இதற்கு ஒரு கடிவாளமும் வைத்திருக்கிறது என்பதை நேர்மையோடு பதிவுசெய்ய வேண்டும். தமிழ்க் குரலைப் பதிவிறக்கியபின் அந்தச் செயலியின் இணைய அனுமதியைத் துண்டித்துவிடலாம்; அப்புறமும் பேசும். பெரும்பாலான சாதாரண ஆண்ட்ராய்டு ஃபோன்களில் இவ்வளவு எளிதாக இதைச் செய்ய முடியாது. ஆனாலும் அந்தக் கடிவாளத்தில் ஓர் ஓட்டை உண்டு. ஒரே பயனர் பகுதியில் இருக்கும் இரண்டு செயலிகள் ஒப்புக்கொண்டால் தமக்குள் தரவைப் பரிமாறிக்கொள்ள முடியும். பிளே சர்வீசஸும் அங்கேயே இருந்தால், இணையம் துண்டிக்கப்பட்ட பேச்சுப்பொறிக்கு இணையமுள்ள உறவினர் பக்கத்திலேயே இருக்கிறார். அப்படி நடக்கிறது என்று நான் குற்றம்சாட்டவில்லை. நடக்க முடியாது என்று இயங்குதளம் உறுதிதரவில்லை என்பதே என் வாதம். தனியுரிமை இயங்குதளத்திடம் நாம் கேட்பது அந்த உறுதியைத்தான்.

இரட்டைச் சந்தேகம்

இரண்டு கேள்விகளும் ஓரிடத்தில் சந்திக்கின்றன. திரையைப் படிக்கவும், பயனர் சார்பில் பொத்தானைத் தட்டவும் திரைவாசிப்பானுக்கு அனுமதி தேவை. அதே அனுமதியைத்தான் பணம் திருடும் தீம்பொருளும் நாடுகிறது. ஆகவே ஆண்ட்ராய்டு 13 முதல், கடைக்கு வெளியிலிருந்து நேரடியாக நிறுவிய செயலிக்கு இந்த அனுமதி எளிதில் கிடைப்பதில்லை. பிளே இன்டெக்ரிட்டியும், திரையைப் படிக்கக்கூடிய செயலி ஏதாவது ஓடுகிறதா என்று வங்கிச் செயலிக்கு அறிவிக்கும் வசதியைச் சேர்த்துள்ளது. கூகுள் பிளே சரிபார்த்த அணுகல் கருவிகளுக்கு அதில் விலக்கு உண்டு. பிளேக்கு வெளியே வாழும் கருவிகளுக்கு?

கூகுளை விலக்கிய பார்வையற்ற பயனர் இங்கே இரண்டு சந்தேகங்களுக்கு ஆளாகிறார். அவருடைய இயங்குதளம் சான்றில்லாதது. அவருடைய கண்ணாக இருக்கும் கருவி சரிபார்க்கப்படாதது. இரண்டு சான்றுகளையும் வழங்குவது ஒரே நிறுவனம். திருட்டைத் தடுக்கும் நோக்கம் நல்லதுதான். ஆனால் அந்த நோக்கத்தின் விலையை மிகக் குறைவான மாற்று வழி உள்ளவர்களே அதிகம் செலுத்துகிறார்கள்.

தரப்பு வாதமும் மறுப்பும்

கிராஃபீன்ஓஎஸ் தரப்பில் சொல்லக்கூடியவை வலுவானவைதான். கிடைக்கும் திறமூலப் பேச்சுப்பொறிகளின் உரிமங்கள் அதன் கொள்கைக்கு ஒத்துவருவதில்லை. ஈஸ்பீக் என்ஜி ஜிபிஎல் மூன்றாம் பதிப்பு உரிமத்தில் வருகிறது. தரமும் போதவில்லை. குழு சிறியது, நன்கொடையில் நடப்பது. 2025 ஜூனில் கூகுள் ஆண்ட்ராய்டு 16இன் மூலநிரலை வெளியிட்டபோது, அதுவரை உடன் தந்த பிக்சல் கருவிகளுக்கான நிரல்களை நிறுத்திக்கொண்டது. அந்தச் சுமையும் குழுவின் தலையில் விழுந்தது. இந்தத் துறை எவ்வளவு நொய்ந்தது என்பதற்கு, அதே ஆண்டு ஆகஸ்டில் காலிக்ஸ்ஓஎஸ் தன் வெளியீடுகளை நிறுத்திவைத்ததே சான்று.

ஒவ்வொன்றும் உண்மை. ஆனால் முடிவு அவற்றிலிருந்து வருவதில்லை. அசல் பிளே சர்வீசஸைச் சாதாரணச் செயலியாக அடக்கி ஓட்டுவதும், நினைவக ஒதுக்கீட்டையே புதிதாக எழுதுவதும் எளிய வேலைகள் அல்ல. அவற்றைச் செய்து முடித்த குழுவுக்குத் திறமை போதவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. எது முதலில், எது பிறகு என்ற தேர்வு அது. உரிமம் தடை என்றால், ஃபோன் முதன்முறை எழும்போது ஒலிப் பொத்தான்களை அழுத்தியதும் பேச்சுப்பொறியைப் பதிவிறக்கி நிறுவும் ஒரு வழியைத் திட்டத்தின் சொந்தச் செயலிக் கடை மூலம் தந்திருக்கலாம். குரல் சுமாராக இருந்தாலும் மௌனத்தைவிட மேல். ஆப்பிள் 2009இல் ஐஃபோன் 3ஜிஎஸ்ஸில் வாய்ஸ்ஓவரை உள்ளேயே வைத்து விற்கத் தொடங்கியது. பெரிய நிறுவனத்தோடு சிறு குழுவை ஒப்பிடுவது பொருந்தாது என்றாலும், முதல் நிமிடத்திலேயே பேசுவது அடிப்படைத் தேவை என்பது இவ்வளவு காலமாக எல்லோருக்கும் தெரிந்த ஒன்று.

இந்தியச் சட்டமும் இந்த இரண்டு தேவைகளையும் பிரித்துப் பார்க்கவில்லை. 2017 ஆகஸ்டில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, புட்டசாமி வழக்கில் தனியுரிமை அடிப்படை உரிமை என்றது. 2025 ஏப்ரல் 30 அன்று, வாடிக்கையாளரின் அடையாளத்தைச் சரிபார்க்கக் கண் சிமிட்டச் சொல்லும் கேஒய்சி சோதனைகளால் அமிலவீச்சில் பாதிக்கப்பட்டவர்களும் பார்வையற்றவர்களும் விலக்கப்படுவதை எதிர்த்த பிரக்யா பிரசூன் வழக்கில், டிஜிட்டல் அணுகலும் வாழ்வுரிமையின் பகுதியே என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இரண்டும் அரசியல் சட்டத்தின் அதே 21ஆவது பிரிவிலிருந்து எழுந்தவை. ஒன்றைப் பெற மற்றொன்றை விட்டுக்கொடு என்று கேட்கும் கருவி, இரண்டில் எதையும் முழுமையாகத் தரவில்லை.

முடிவு

செயலிகள் பொருந்தி ஓடுவதைப் பொறுத்தவரை, இன்றுள்ள தனியுரிமை இயங்குதளங்களில் கிராஃபீன்ஓஎஸ் கண்ட தீர்வே சிறந்தது. மீதமுள்ள மறுப்புகளுக்கு அது பொறுப்பல்ல. பார்க்க முடிந்தவர், பிக்சல் வாங்கும் வசதியுள்ளவர், தன் வங்கிச் செயலி ஓடுகிறதா என்று முன்கூட்டியே உறுதிசெய்துகொண்டவர் தயங்காமல் இதற்கு மாறலாம்.

பார்வையற்ற தமிழ்ப் பயனருக்கு, ஒரே ஃபோனாக வைத்துக்கொள்ள இதை என்னால் பரிந்துரைக்க முடியாது. தொடங்கத் துணை வேண்டும். நல்ல தமிழுக்குக் கூகுள் வேண்டும். வங்கிக்கு இரட்டை அனுமதி வேண்டும். இவற்றில் கடைசியை மாற்ற வேண்டியவர்கள் கூகுளும் வங்கிகளும். முதலாவது கிராஃபீன்ஓஎஸ் கையில். அது சரிசெய்யப்படும்வரை, எல்லோருக்குமான தனியுரிமை என்ற உரிமைகோரலை அந்த இயங்குதளத்துக்கு விட்டுக்கொடுக்கக் கூடாது.

நடுவில் இருப்பது நம் கையில். சென்னை ஐஐடியில் இந்திய மொழிகளுக்கான பேச்சுப்பொறி ஆய்வு நீண்ட காலமாக நடந்துவருகிறது. அங்குள்ள ஏஐ4பாரத் குழு தமிழ் உள்ளிட்ட மொழிகளுக்கான குரல் மாதிரிகளைத் திறந்த உரிமத்தில் வெளியிட்டிருக்கிறது. அந்த மாதிரிகள் ஃபோனுக்குக் கனமானவை; திரைவாசிப்பான் பயன்படுத்துவோர் விரலை வைத்ததும் குரல் வர வேண்டும், இயல்பு வேகத்தைவிடப் பல மடங்கு விரைவாகப் பேச வேண்டும். அவற்றைச் சுருக்கி, இணையமின்றி, பூட்டிய நிலையிலும் ஓடும் ஆண்ட்ராய்டு பேச்சுப்பொறியாக்குவது ஆய்வுக்கூடத்துக்குப் பெருமை சேர்க்கும் வேலையாக இல்லாமல் போகலாம். ஆனால் தமிழ்க் கணிமைக்கு அரசும் பல்கலைக்கழகங்களும் செலவிடும் பணத்தில் இதைவிடத் தகுதியான செலவு எனக்குத் தெரியவில்லை. கிராஃபீன்ஓஎஸ்ஸுக்கு ஏற்ற உரிமத்தில் அப்படி ஒரு குரல் வெளிவருமானால், “ஏற்றது கிடைக்கவில்லை” என்ற பதிலுக்குத் தமிழைப் பொறுத்தவரை இடமிருக்காது. அப்போது என் தீர்ப்பையும் திருத்தி எழுத வேண்டியிருக்கும்; திருத்தவே விரும்புகிறேன்.